விளக்கு எரிந்தும் என்ஜின் சுழலாத டிராக்டர்

நம் நாட்டில் டிராக்டர் செய்யும் தொழில் 1959-ஆம் ஆண்டு பரீதாபாத்தில் ஐஷர் தொழிற்சாலையில் தொடங்கிற்று. அடுத்த ஆண்டில், மாஸி பெர்குஸன் டிராக்டர்களைச் செய்யும் 'டாபே' நிறுவனம் சென்னையில் ஏற்பட்டது. மைசூர், மாண்டியா, தஞ்சைப் பகுதிகளின் காவிரிப் பாசன வயல்களில் சேறு கலக்கி உழைத்துப் பழையதாகிவிட்ட டிராக்டரில், அடிக்கடி தொல்லை தருவது மின்னமைப்பே.

விசையை அழுத்தினால் 'டக்' என்ற ஒலி மட்டும் எழும், என்ஜின் சுழலாது. ஆனால் முன்விளக்கைப் போட்டால் பளிச்சென்று எரியும். பாட்டரி கெட்டுவிட்டதெனக் கருதி உழவர் புதிதொன்றை வாங்குவார். பழியைப் பாட்டரியின்மேல் போடுவது எளிது. அதன் விலையோ எளிதன்று.

இப்புதிருக்கு விடை, பள்ளியில் கற்பிக்கப்படும் ஓம் விதியிலேயே உள்ளது. பாட்டரியின் ஈய முனைக்கும் அதைப் பற்றும் கவ்விக்கும் இடையே வெளுத்த உப்பு படிந்து, 0.01 ஓம் தடை உண்டாகியிருப்பதாகக் கொள்வோம். முன்விளக்கு ஏறக்குறைய 4 ஆம்பியர் மின்னோட்டத்தையே இழுப்பதால், அத்தடையில் இழக்கப்படுவது 0.04 வோல்ட், கண்ணுக்கு வேறுபாடு தெரியாது. ஸ்டார்ட்டர் மோட்டாருக்கோ 200 ஆம்பியர் அளவில் தேவை. அவ்வளவு மின்னோட்டம் பாயுமானால் இழப்பு 2 வோல்ட். அதாவது 12 வோல்ட்டில் ஆறில் ஒரு பங்கு. மோட்டார் எவ்வாறு சுழலும்?

ஆகவே, வோல்ட் மீட்டரின் ஒரு கம்பியை ஈய முனையின்மீதும் மற்றதைக் கவ்வியின்மீதும் வைத்து, உதவியாளரை விசையை அழுத்தச் செய்க. அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் குறை அவ்விடத்திலேயே உள்ளது. வண்டியின் உடலோடு இணைந்த முனைக்கும் என்ஜினுக்கும் இடையிலும் இவ்வாறே சோதிக்க வேண்டும். சேற்றுநீர் பட்டுத் துருவேறுவது பெரும்பாலும் அந்த இணைப்பே. இணைப்புகளைக் கழற்றி, சமையல் சோடா கரைத்த வெந்நீரால் கழுவி, உப்புத்தாளால் தேய்த்து, இறுக்கியபின் வாஸலைன் பூசினால் போதும். சோடா நீர் பாட்டரிக்குள் புகலாகாது. உடலோடு சேர்ந்த கம்பியையே முதலில் கழற்றி, இறுதியில் மாட்ட வேண்டும். இல்லையேல் ஸ்பானர் உடலில் பட்டுத் தீப்பொறி பறக்கும். பாட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு வெளிப்படுமாதலால் அருகில் பீடியும் கூடாது.

இணைப்புகள் செம்மையாயிருந்தும் பயனில்லையெனில் பாட்டரியைச் சோதிக்கலாம். சில மணி நேரம் ஓய்ந்திருந்த நல்ல பாட்டரி 12.6 வோல்ட் காட்டும். 12-க்குக் கீழ் எனில் மின்னேற்றம் தீர்ந்துவிட்டது. ஹைட்ரோமீட்டரில் ஓர் அறை மட்டும் மற்றவற்றைவிட மிகத் தாழ்ந்திருப்பின் அவ்வறை பழுதானதே. குறைந்த நீருக்குக் காய்ச்சி வடித்த நீரையே ஊற்றுக, அமிலம் வேண்டா.

மின்னேற்றிய பாட்டரி மறுநாளே சோர்ந்தால் டைனமோவின் வார்ப்பட்டையை இழுத்துப் பார்க்க வேண்டும். என்ஜின் நடுத்தர வேகத்தில் ஓடுகையில் பாட்டரி முனைகளில் 14 வோல்ட் அளவில் இருத்தல் வேண்டும். மெதுவாக ஓடும்போது பழைய டைனமோ ஒன்றும் அளிப்பதில்லை. அவ்வேளையில் விளக்கு எரிந்தால் செலவு பாட்டரிக்கே.

புதிய பாட்டரி பொருத்துவோர் ஒன்றைக் கவனிக்க. 1946 முதல் 1956 வரை இங்கிலாந்தில் உற்பத்தியான பெர்குஸன் டி.இ.20 போன்ற யந்திரங்களில், இன்றைய வழக்கத்திற்கு மாறாக, நேர்முனையே உடலோடு இணைக்கப்பட்டிருந்தது. கழற்றும்போதே எம்முனை எங்கிருந்தது எனக் குறித்துக்கொள்வது நலம்.