மோர்தானா அணை நிரம்பினால் குடியாத்தம் உஷாராகணும்... ஏன்?

குடியாத்தம்:

"அணைதான் கட்டியாச்சே, அப்புறம் ஏன் ஊருக்குள்ள வெள்ளம் வருது?" மழைக்காலத்தில் கவுண்டன்யா ஆற்றங்கரை டீக்கடைகளில் கேட்கும் கேள்வி இது. நியாயமான கேள்விதான். பதில் சின்ன கணக்கில் இருக்கிறது.

ஆந்திராவின் பலமநேர் பக்கத்து காடுகளில் கொட்டும் மழைதான் கவுண்டன்யா ஆறாக வருகிறது. அதை எல்லையிலேயே பிடிக்கிறது மோர்தானா அணை. உயரம் 11.5 மீட்டர். 261 மில்லியன் கன அடி தண்ணீர் பிடிக்கும். இடது, வலது கால்வாய் மூலம் ஏரிகளுக்கு பாசனத் தண்ணி கொடுப்பதுதான் இதன் முக்கிய வேலை. வெள்ளத்தை குறைப்பது உபரி லாபம்.

அணை காலியாக இருக்கும்போது வினாடிக்கு 10 ஆயிரம் கன அடி வெள்ளம் வந்தால் நிரம்ப 7 மணி நேரத்துக்கு மேல் ஆகும். கரையோர மக்கள் மூட்டை கட்ட அந்த நேரம் போதும். ஏற்கனவே நிரம்பி இருந்தால்? அந்த அவகாசம் இல்லை. வேகம் கொஞ்சம் மட்டுப்படும், அவ்வளவுதான். "ராத்திரி அணையை திறந்து விட்டுட்டாங்க" என்று அதிகாரிகளை திட்டுபவர்களும் உண்டு. மோர்தானாவில் நிரம்பினால் தண்ணி தானாகவே வழிந்து ஆற்றில் இறங்கும். திறந்துவிட ஆள் தேவையில்லை.

வழிந்தால் பயமில்லை, கரை மேல் ஏறினால் ஆபத்து

வழிவதும் உடைவதும் வேறு. ஏரியோ மண் அணையோ, உபரி தண்ணி போக கலங்கல் கட்டுவது அதற்குத்தான். கலங்கல் தாங்காமல் தண்ணி மண்கரை மேல் ஏறினால் மண் அரித்து, கொஞ்ச நேரத்தில் கரையே போய்விடும்.

நம்ம பாலாறு இதை பார்த்திருக்கிறது. 1903 நவம்பரில் மைசூர் சமஸ்தானத்தில் பேத்தமங்கலம் ஏரி உடைந்து, வெள்ளம் வாணியம்பாடியை அடித்தது. சுமார் 200 பேர் பலியானார்கள். குஜராத்தில் 1979 ஆகஸ்ட் 11-ந்தேதி மச்சு அணையின் மண்கரை மீது வெள்ளம் ஏறி உடைந்ததில் மோர்பி நகரமே மூழ்கியது. பலி ஆயிரக்கணக்கில்.

2021 நவம்பரில் மோர்தானா உடையவில்லை. நிரம்பி வழிந்தது. அதற்கே கவுண்டன்யாவில் தரைப்பாலங்கள் மூழ்கின, கரையோர வீடுகளுக்குள் தண்ணி புகுந்தது. பிறகு ஆக்கிரமிப்பு வீடுகள் இடிக்கப்பட்டன. பீடி சுற்றியும் தீப்பெட்டி ஒட்டியும் பிழைப்பவர்கள் வாடகை கொடுக்க முடியாமல்தான் ஆற்றோரம் போகிறார்கள். அதையும் சொல்லியாக வேண்டும்.

எனவே "அணை நிரம்பியது" என்ற செய்தி விவசாயிக்கு சந்தோஷம், ஆற்றோரம் குடியிருப்பவருக்கு எச்சரிக்கை. அன்று முதல் ஒலிபெருக்கி அறிவிப்பை காதில் வாங்குங்கள். ஷிப்டுக்கு லேட் ஆகுதே என்று மூழ்கிய தரைப்பாலத்தில் பைக்கை விடவே கூடாது. ஏரிக்கரை அடியில் கசியும் தண்ணி செம்மண் கலரில் வந்தால், உள்ளே மண் அரிக்கிறது என்று அர்த்தம். உடனே கிராம நிர்வாக அலுவலரிடமோ நீர்வளத்துறையிடமோ சொல்லிவிடுங்கள். ராத்திரியாக இருந்தாலும் சரி.