வயலின் எல்லையைக் கணினிக் கோவையில் பதிதல்

கரைகளையும் எல்லைகளையும் காட்டும் உலகப்படம் கணினியினுள் பெரும்பாலும் படமாக வைக்கப்படுவதில்லை. அது எண்களின் நீண்ட வரிசையாகவே வைக்கப்படுகின்றது. கரையோரத்தின் ஒவ்வொரு வளைவிலும் ஒரு புள்ளி கொள்ளப்பட்டு, அப்புள்ளியின் அகலக்கோடும் நெடுங்கோடும் இரண்டு எண்களாக எழுதப்படும். படத்தைத் திறக்கும்போது கணினி அப்புள்ளிகளை ஒழுங்காக இணைத்துக் கோடு வரைகின்றது. இவ்விரண்டு எண்களும் சேர்ந்து ஆள்கூறு எனப்படும். கமக்காரர் ஒருவரின் வயலெல்லையும் இம்முறையிலேயே பதியப்படுகின்றது. ஆதலால் இதனை அறிந்திருத்தல் கமக்காரருக்கும் பயனுடையது. மானியத்துக்கோ, காப்புறுதிக்கோ, வெள்ளச் சேத மதிப்பீட்டுக்கோ இப்பதிவு பயன்படுத்தப்படுமிடத்து, எண் பிழைத்தால் வயலும் பிழைத்துவிடும்.

முதலில், எத்தனை புள்ளிகள் எடுத்தல் வேண்டும் என்பதைக் கவனிப்போம். 2009ஆம் ஆண்டில் வெளியிடப்பட்டு எவரும் இலவசமாகப் பெறக்கூடிய 'நச்சுரல் ஏர்த்' என்னும் உலகப்படத் தொகுதியில் மூன்று அளவுத்திட்டங்கள் உள்ளன. அவற்றுள் மிகச் சிறியது 11 கோடியில் ஒரு பங்கு அளவினது. அதில் இலங்கை முழுவதும் 9 புள்ளிகளால் வரையப்பட்டுள்ளது. பருத்தித்துறைக்கு அண்மையிலுள்ள ஒரு புள்ளியிலிருந்து கற்பிட்டிப் பக்கத்துப் புள்ளிக்கு ஒரே நேர்கோடு செல்கின்றது. அதனால் யாழ்ப்பாண நகரமும் தலைமன்னாரும் கடலுக்குள் விழுகின்றன. உலகம் முழுவதையும் ஒரு தாளில் காட்டுவதற்கு இது போதும். ஊரைக் காட்டுவதற்குப் போதாது. படத்தைத் திரையில் எவ்வளவு பெருப்பித்தாலும் இல்லாத புள்ளி தோன்றாது. நான்கு மூலை மட்டும் எடுத்த வளைந்த வயலுக்கும் இது பொருந்தும். வரம்பு திரும்பும் ஒவ்வோர் இடத்திலும் புள்ளி எடுத்தல் வேண்டும்.

புள்ளிகளை எடுக்கும்போது வரம்பு வழியே ஒரே திசையில் நடந்து செல்க. ஒரு மூலையை விட்டுவிட்டுப் பின்னர் வந்து எடுத்து அதனைக் கடைசியில் எழுதினால், கோடு வயலின் குறுக்கே ஓடிப் பரப்பளவைக் கெடுக்கும். பெரும்பாலான கோவைகளில் முதற்புள்ளியை இறுதியிலும் மீண்டும் எழுதுவது விதியாகும். வேலிக்கம்பி தொடங்கிய கட்டையிலேயே வந்து முடிவது போல. ஆகவே நான்கு மூலை வயலுக்கு ஐந்து வரிகள் காணப்பட்டால், மேலதிகமாக ஒன்று பதியப்பட்டுவிட்டதென எண்ணி அதனை அழித்துவிடலாகாது. மேற்கூறிய உலகப்படத்திலும் இலங்கைக்கு 9 புள்ளிகளே உரியனவாயினும் 10 வரிகள் உள்ளன.

அதிக நட்டம் விளைவிப்பது எண்களின் முன்பின் மாற்றமாகும். கையடக்கத் தொலைபேசி பொதுவாக அகலக்கோட்டை முன்னும் நெடுங்கோட்டைப் பின்னும் காட்டும். 2016ஆம் ஆண்டில் நியமமாக்கப்பட்ட 'ஜியோஜேசன்' என்னும் கோவை வகையிலோ நெடுங்கோடு முதலிலும் அகலக்கோடு அடுத்தும் எழுதப்படல் வேண்டும். அநுராதபுரத்தை அண்டிய ஒரு வயல் மூலை 8.345, 80.410 என இருக்கட்டும். இவ்வெண்கள் இடம் மாறினால் அம்மூலை நோர்வேக்கு வடக்கே, ஸ்வால்பார்ட் தீவுகளுக்கு அப்பாலுள்ள குளிர்க்கடலில் போய் நிற்கும். கணினி இதனைப் பிழையெனச் சொல்லாது. உலகில் அப்படியும் ஓர் இடம் இருக்கின்றதல்லவா? இவ்வாறே, வெறுமையாக விடப்பட்ட கட்டத்தில் பூச்சியம் நிரப்பப்படுமாயின் வயல் ஆபிரிக்காவில் கானாவுக்குத் தெற்கேயுள்ள கினி வளைகுடாவுக்குச் சென்றுவிடும். நமது நாட்டில் இப்பிழையைக் கண்டுபிடித்தல் எளிது. இங்குள்ள எந்தக் காணிக்கும் அகலக்கோடு 5.9 இற்கும் 9.9 இற்கும் இடையிலும், நெடுங்கோடு 79 இற்கும் 82 இற்கும் இடையிலுமே இருக்கும். பதிவை உங்களுக்குக் காட்டும்போது இதனை நீங்களே ஒரு நொடியில் பார்த்துக்கொள்ளலாம்.

பாகை, கலை, விகலை என எழுதப்பட்ட எண்ணைத் தசமமாக மாற்றும்போதும் பிழை நேருகின்றது. 8 பாகை 20 கலை 42 விகலை என்பதை 8.2042 என எழுதுதல் தவறு. 60 கலை ஒரு பாகை. 60 விகலை ஒரு கலை. எனவே 20ஐ 60ஆலும், 42ஐ 3600ஆலும் பிரித்து 8 உடன் கூட்டினால் 8.345 என வரும். தவறாக எழுதிய எண்ணின்படி வயல் 15 கிலோமீற்றருக்கு மேல் தெற்கே தள்ளிப் போகும். அங்கேயும் வயல்தான் இருக்கக்கூடும். ஆகவே ஸ்வால்பார்ட் பிழையிலும் இது மோசமானது, பார்த்தவுடன் தெரியாது.

தசமதானங்களைச் சிக்கனஞ் செய்ய வேண்டியதில்லை. ஒரு பாகை நமது பகுதியில் ஏறக்குறைய 110 கிலோமீற்றர். மூன்று தசமதானம் எழுதினால் 110 மீற்றர் அளவும், ஐந்து எழுதினால் ஒரு மீற்றரளவும் பிரித்தறியலாம். வயலுக்கு ஐந்து அல்லது ஆறு தானங்கள் வேண்டும். ஓர் எண்ணுக்கு 8 பைற்று இடம் ஒதுக்கினாலும், 20 புள்ளியுள்ள வயலொன்றின் எண்களுக்கு 320 பைற்றுப் போதும். ஆயிரம் வயல்களின் எண்கள் தொலைபேசியில் எடுத்த ஒரு புகைப்படத்தின் இடத்தைக்கூடப் பெரும்பாலும் பிடிக்கமாட்டா. மறுபுறம், பத்துத் தானம் எழுதுவதனால் திருத்தம் கூடிவிடாது. திறந்த வானத்தின் கீழும் சாதாரண தொலைபேசி சில மீற்றர் தவறக்கூடும். மரநிழலில் அதனினும் கூடுதலாகத் தவறும். மருதமர ஓரத்து மூலையில் அவசரப்படாது சிறிது நின்று எண் நிலைத்தபின் பதிதல் நன்று.

இனி, பழைய நில அளவைப்படம் வைத்திருப்போர் கவனிக்க வேண்டிய விடயம் ஒன்றுண்டு. 1800ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட நில அளவைத் திணைக்களத்தின் பழைய படங்கள் கண்டவளை என்னும் ஆதாரத்தின்மேல் அமைந்தவை. செய்மதியைக் கொண்டு தொலைபேசி கூறும் எண்ணோ 1984ஆம் ஆண்டின் உலக முறைமையைச் சார்ந்தது. ஒரே இடத்துக்கு இவை தரும் அகலக்கோடும் நெடுங்கோடும் வேறுபடும். ஒன்றை மற்றதாகக் கொண்டால் வயல் 200 மீற்றர் அளவு விலகிவிடும். மீற்றரில் எழுதப்படும் தேசியக் கட்டமுறையிலும் இத்தகைய மாற்றமுண்டு. பழைய கட்டத்தில் பிதுருதலாகல மலையை அண்டிய தொடக்கப் புள்ளிக்கு 200,000, 200,000 என எண்ணிடப்பட்டது; 1999ஆம் ஆண்டின் புதிய ஆதாரத்தில் அது 500,000, 500,000 ஆயிற்று. புதிய எண்ணைப் பழைய கட்டத்தில் வைத்தால் அநுராதபுர வயல் வங்காள விரிகுடாவில் விழும். ஆகையால் எந்த ஆதாரம் என்பதை எண்ணோடு எழுதாவிடின் அவ்வெண் அரைப் பதிவேயாகும். 'ஷேப்' என்னும் கோவை வகையில் இவ்விவரம் பி.ஆர்.ஜே. என முடியும் தனிக்கோவையில் இருக்கும். எல்லைக் கோவையை மட்டும் பிரதி செய்து இதனை விட்டுவிடுவோர் பலர். கோவைகள் யாவையும் ஒன்றாகவே பிரதி செய்தல் வேண்டும்.

உங்கள் வயல் அளக்கப்பட்டு முடிந்ததும், பதிந்த எண்களைத் தாளில் ஒரு பிரதி கேட்டுப் பெறுக. அதில் புள்ளிகள் எடுத்த ஒழுங்கு, எது அகலக்கோடு எது நெடுங்கோடு என்பது, ஆதாரம், அளந்த திகதி, பயன்படுத்திய கருவி ஆகியன இருத்தல் வேண்டும். மதகு அல்லது எல்லைக்கல் நிற்கும் மூலை எத்தனையாவது புள்ளி என்பதையும் அத்தாளில் குறித்து, காணி உறுதியுடன் வைத்துக்கொள்க. வரம்பு மாற்றிக் கட்டப்பட்டால் பழைய தாளை எறிந்துவிடாது, புதியதை அதனுடன் சேர்த்து வைக்கவும்.