உங்களுக்குத் தெரியுமா? 18 டயர் லாரி 10 டயரிலும் ஓடும்!

அமெரிக்க நெடுஞ்சாலைகளில் பெரும்பாரம் சுமந்து விரையும் 18 டயர் லாரியானது, தன் நான்கு பின்னச்சுகளிலும் ஜோடி ஜோடியாகப் பூண்டிருக்கும் 16 டயர்களைக் களைந்து, 445 மில்லிமீட்டர் அகலமுள்ள 8 ஒற்றை டயர்களை ஏற்குமாயின், 10 டயர்களைக் கொண்டே அதே பாரத்தைச் சுமக்கும் சக்தி பெற்றுவிடுகிறது.

டயர் உருளுந்தோறும் அதன் பக்கச்சுவர்கள் நெளிந்து, உஷ்ணமடைந்து, எரிபொருளில் ஒரு பங்கை விரயமாக்குகின்றன. அவ்வண்ணம் நெளியும் சுவர்கள் 32-லிருந்து 16 ஆகக் குறைவதால் டீசல் செலவு மட்டுப்படுவதோடு, எடையில் மிச்சமாகும் சில நூறு கிலோவுக்கு ஈடாகச் சரக்கும் கூடுதலாக ஏற்றலாம்.

ஆயினும், ஜோடியில் ஒன்று பஞ்சரானால் மற்றது தற்காலிகமாகத் தாங்கி நிற்க, ஒற்றை டயரோ காற்றிழந்த க்ஷணமே வண்டியை நிறுத்திவிடும். ஜோடியிலும் அபாயம் இல்லாமலில்லை: கைக்கு எளிதில் எட்டாத உள்டயரில் காற்று குறைந்தால், அதன் பாரமும் வெளிடயரின் மேல் விழுந்து இரண்டுமே நாசமடையக்கூடும்.

ஆகவே, சீரான சாலையில் நெடுந்தூரம் செல்லும் வாகனத்துக்கு அகல ஒற்றை டயரும், கல்லும் பள்ளமும் மலிந்து உதவி கிட்டாத மார்க்கங்களுக்கு ஜோடி டயரும் பொருந்தும். எதைத் தேர்ந்தாலும், புறப்படுமுன் காற்றழுத்தத்தைச் சோதிப்பதே ஓட்டுநரின் முதற்கடமையாகும்.