வாளிக்குள் போன சம்பளம்

கிளிநொச்சி மாவட்டத்தில் எனது பணிப்பிரதேசத்தில் ஏழு பெண்கள் சேர்ந்து ஒரு சிற்றுண்டிச்சாலை நடத்துகிறார்கள். காலையில் பிட்டு, இடியப்பம்; மத்தியானம் சோறு. வியாபாரம் மோசமில்லை. ஆனாலும் மாத முடிவில் பங்கு பிரிக்கும்போது கைக்கு வருவது குறைந்துகொண்டே போனது.

"கழிவு ஏத்திற லான்ட்மாஸ்டருக்கே மாதம் 6,000 ரூபா போகுது தங்கச்சி. ஒராளை நிப்பாட்டினால்தான் சமாளிக்கலாம்" என்றார் குழுத் தலைவி. நிறுத்த நினைத்தது குழுவிலேயே மூத்தவரான அம்மாவை. கணவரை இழந்தவர், பேரப்பிள்ளைகள் இருவரை வளர்க்கிறார்.

ஒரு கிழமை பொறுக்கும்படி கேட்டேன். மூன்று வாளிகள் வைத்தோம். ஒன்றில் மரக்கறித் தோல், பிழிந்த தேங்காய்ப்பூ. அடுத்ததில் சாப்பிட்டவர்கள் மிச்சம் விட்டது. மூன்றாவதில் விற்காமற் போனது. தினமும் பக்கத்துக் கடைத் தராசில் நிறுத்து எழுதினோம். "பல்கலைக்கழகத்தில படிச்சது குப்பை நிறுக்கவோ?" என்று ஒருவர் பகிடி பண்ணினார்.

கிழமை முடிவில் முதல் வாளி 41 கிலோ, இரண்டாவது 13, மூன்றாவது 30. பாரம் கூடியது முதலாவது. காசு கூடியதோ மூன்றாவது. அதற்குள் போன அரிசி மா, தேங்காய், விறகு எல்லாவற்றையும் கூட்டினால் 6,000 ரூபாவைத் தாண்டியது. லான்ட்மாஸ்டருக்கு மாதம் முழுக்கக் கொடுப்பதை ஒரே கிழமையில் கொட்டியிருக்கிறோம்!

முதல் வாளிக்கு வழி சுலபம். தோல்கள் அயல்வீட்டு மாட்டுக்கு. மீதி, காய்ந்த சருகோடு அடுக்கிக் கூட்டெருவுக்கு. 2017 செப்டெம்பரில் பொலித்தீன் லஞ்ச் சீற் தடைசெய்யப்பட்டதிலிருந்து வாழையிலையில்தான் பரிமாறுகிறார்கள். அந்த இலையும் அங்கேயே உக்கும். மீன், இறைச்சி மட்டும் போடக்கூடாது. எலியும் நாயும் வரும். மிச்சச் சாப்பாட்டைக் கோழி வளர்க்கும் ஒருவர் வந்து எடுக்கிறார்.

மூன்றாவதற்கு, மாவை இரண்டு தரமாகக் குழைப்பது என்று தீர்மானித்தோம். பிட்டு அவியக் கால் மணித்தியாலம் போதும். ஒன்பது மணிக்கு ஆட்களைப் பார்த்துவிட்டு இரண்டாந்தரம் குழைக்கலாம். ஆனால் தினமும் மா கூடவே குழைக்கப்பட்டிருந்தது. குழைப்பவர் அந்த மூத்த அம்மா. கேட்டால் பேசமாட்டார். ஒருநாள் கிணற்றடியில் மெல்லச் சொன்னார்: "மிஞ்சினால்தான் பிள்ளை, பேரப்பிள்ளையளுக்கு இராச்சாப்பாடு."

எனக்கு முகம் சுருங்கிவிட்டது. மூன்று வாளியையும் நிறுத்த நான், அவருடைய கைப்பையை நினைக்கவேயில்லை. அவர் கொண்டுபோனது ஒரு பொதி. அதற்காக மிஞ்சியதில் மற்றதெல்லாம் புளித்துப்போனது.

அடுத்த கூட்டத்தில், காரணத்தை வெளியில் விடாமல், வேலை செய்யும் ஒவ்வொருவருக்கும் நாளுக்கு ஒரு பொதி, அதையும் கணக்கில் எழுதுவோம் என்றேன். "கடையையே தின்னுறதோ?" என்று எதிர்ப்பு வந்தது. கணக்குப் பார்த்தோம். ஏழு பொதி கொடுத்தாலும் முன்பு கொட்டியதில் பாதிக்கு வராது. தலைவி கொப்பியை இரண்டு தரம் பார்த்துவிட்டு ஓமென்றார்.

வாராவாரம் வந்த லான்ட்மாஸ்டர் இப்போது மாதத்தில் ஒருமுறை வருகிறது. மாவும் சீனியும் வரும் பொலித்தீன் பைகளுக்குத்தான் இன்னும் வழியில்லை; எரிக்கவேண்டாம் என்று சேர்த்து வைத்திருக்கிறார்கள். ஆளை நிறுத்தும் கதை எடுபடவில்லை. போனமுறை நான் போனபோது, பொதியில் சம்பல் காணாது என்று அந்த அம்மா தலைவியோடு வாக்குவாதப்பட்டுக்கொண்டிருந்தார்.