கடலோர நிலமும் நாற்பது மடங்குக் கணக்கும்

காவிரி டெல்டாவின் கடைமடை கடலைத் தொடும் நாகப்பட்டினம், வேதாரண்யம் பகுதிகளில் சில கிலோமீட்டர் நடந்தாலே நெல்வயல், தென்னந்தோப்பு, உப்பளம், இறால் பண்ணை, மீனவர் குப்பம் எல்லாவற்றையும் பார்த்துவிடலாம். ஒவ்வொரு துண்டு நிலத்துக்கும் சர்வே எண் உண்டு, பலவற்றுக்குப் பட்டாவும் உண்டு. "என் நிலத்தில் நெல் போடுவேன், இல்லையேல் இறால் வளர்ப்பேன், யார் கேட்பது?" என்று ஒருவர் கேட்டால் என்ன பதில் சொல்வது? மாணவர்களே, இதற்கான விடையில் பாதி உங்கள் இயற்பியல் பாடத்திலேயே இருக்கிறது.

'யு' வடிவக் குழாய் ஒன்றின் ஒரு புயத்தில் கடல்நீரும் மறு புயத்தில் நன்னீரும் இருப்பதாகக் கொள்வோம். நன்னீரின் ஒப்படர்த்தி 1.000, உப்பு கரைந்திருப்பதால் கடல்நீருக்கு ஏறக்குறைய 1.025. எனவே 40 செ.மீ. கடல்நீரைச் சமன் செய்ய 41 செ.மீ. நன்னீர் வேண்டும். வித்தியாசம் ஒரே ஒரு செ.மீ. தான்!

கடற்கரை மணல்மேடுகளுக்கு அடியிலும் இதே தராசுதான் வேலை செய்கிறது. மழைநீர் மணலில் இறங்கி, அடியிலுள்ள கடல்நீரின்மேல் மிதக்கிறது. நிலத்தடி நீர்மட்டம் கடல்மட்டத்துக்கு மேல் 1 மீட்டர் இருந்தால், கடல்மட்டத்துக்குக் கீழே சுமார் 40 மீட்டர் வரை நன்னீர் இருக்கும். ஹாலந்து நாட்டு பேடன் கைபன் 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலும், ஜெர்மானியரான ஹெர்ஸ்பெர்க் 1901இலும் தனித்தனியே கண்ட உண்மை இது.

இனி இதைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். மோட்டார் வைத்து இறைத்து, நீர்மட்டத்தை அரை மீட்டர் தாழ்த்திவிட்டோம். கீழே உப்புநீரின் எல்லை 20 மீட்டர் மேலேறும்! களிமண் அடுக்குகள் குறுக்கிட்டால் கணக்கு சற்று மாறும். உப்புநீரும் ஒரே நாளில் ஏறிவிடாது, ஆண்டுகள் ஆகலாம். அதுதான் ஆபத்து. இறைத்தவர் ஒருவர், உவர்நீர் குடிப்பவர் வேறொருவர். சென்னைக்கு வடக்கே மீஞ்சூர்ப் பகுதியில் அளவுக்கு மீறி இறைத்ததால் கடல்நீர் நிலத்தடியில் பல கிலோமீட்டர் உள்ளே வந்துவிட்டது.

இறால் பண்ணையில் உப்பு மேலிருந்து வருகிறது. கரைகட்டித் தேக்கிய உவர்நீர் பக்கத்து வயலைவிட உயரத்தில் நிற்கிறது. அந்த அழுத்தத்தால் கீழும் பக்கவாட்டிலும் கசிகிறது. உப்பிலுள்ள சோடியம் களிமண் துகள்களைப் பிரித்துவிடுவதால் மண்ணின் துளைகள் அடைபட்டு, நல்ல தண்ணீரும் உள்ளே இறங்காது. கரைகள் வடிகாலை மறித்தால் மழைக்காலத்தில் வெள்ளமும் வடியாது.

காந்தியவாதி எஸ். ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில், 1996 டிசம்பர் 11இல் உச்சநீதிமன்றம் கடலோர ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் அமைந்த இறால் பண்ணைகளை அகற்ற ஆணையிட்டது. பழைய பாரம்பரிய முறைக்கு மட்டும் விலக்கு. விளைநிலத்தை இறால் குளமாக்கவும் கூடாதென்றது. 2005இல் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்புக்கெனத் தனிச் சட்டமும் ஆணையமும் வந்தன. 2020இல் தமிழக அரசு டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கி, அங்கே புதிதாக எண்ணெய், எரிவாயுக் கிணறுகள் தோண்டுவதைத் தடுத்தது.

நல்ல காரியங்கள்தான். ஆனால் கடற்கரையிலிருந்து இத்தனை மீட்டர் என்று தரைமேல் அளக்கும் கோடு, அடியில் நகரும் உப்புக்குத் தெரியுமா? என்னைக் கேட்டால், நிலப்பயன் திட்டம் சர்வே வரைபடத்தில் அல்ல, நீர்மட்ட வரைபடத்தில் தொடங்க வேண்டும். மணல்மேடுகள் மழைநீர் இறங்கும் வாசல். அங்கே மணல் அள்ளவோ கட்டடம் எழுப்பவோ கூடாது. இறால் குளம் வேண்டுமானால், நிலத்தடி நீர் ஏற்கெனவே உவராகிவிட்ட களிமண் நிலத்தில், வடிகாலை மறிக்காத இடத்தில் அமையட்டும். கிணறுகளுக்கு இடையே போதிய தூரம் வேண்டும். இப்படித் திட்டமிட்டால், மணல்மேட்டுக்குச் சொந்தக்காரர் ஊருக்காகத் தம் வருமானத்தை இழப்பார். அவருக்கு ஈடு கொடுப்பது யார்? இதற்கு இயற்பியலில் சூத்திரம் கிடையாது. கிராம சபையில்தான் பேசித் தீர்க்க வேண்டும்.

உங்கள் ஊர் கடலோரமாக இருந்தால், ஒரு கிணற்றில் மாதம் ஒருமுறை கயிறு விட்டு நீர்மட்டத்தை அளந்து குறித்து வாருங்கள். கோடையில் அது 30 செ.மீ. இறங்கி, அப்படியே நிலைத்துவிட்டால், அடியில் உப்பு எத்தனை மீட்டர் ஏறும்?