பாலைவனத்தில் தெரிந்த அகத்தியர்

அகமதாபாத்தில் வேலை பார்க்கும் நாங்கள் நான்கு பேர், தை அமாவாசையை ஒட்டி லீவு போட்டு, வாடகைக் காரில் ஜெய்சல்மேர் சென்றோம். 500 கிலோ மீட்டருக்கு மேல் பயணம். அங்கிருந்து சுமார் 40 கிலோ மீட்டரில், 3,162 சதுர கிலோ மீட்டர் பரப்புள்ள பாலைவன தேசியப் பூங்காவை ஒட்டி, சம் மணல்மேடுகள்.

கூடார விளக்குகளைத் தாண்டிப் போய் ஜமக்காளம் விரித்தோம். டார்ச்சை அணைத்து அரை மணி ஆன பிறகே கண் இருட்டுக்குப் பழகியது. கார்த்திகைக் கூட்டமும் திருவாதிரையும் பளிச்சென்று தெரிந்தன.

நெல்லை நண்பர் மட்டும் தெற்கே தேடினார். சிறு வயதில் தந்தை மொட்டை மாடியில் காட்டிய அகத்திய நட்சத்திரம்! கையை நீட்டிப் பிடித்தால் ஒரு முஷ்டி ஏறத்தாழ 10 டிகிரி. நெல்லையில் மூன்று முஷ்டி உயரம் ஏறும் அகத்தியர், இங்கே ஒரு முஷ்டியோடு சரி. வடக்கே துருவ நட்சத்திரமோ நெல்லையில் ஒரு முஷ்டிக்கும் குறைவு. இங்கே கிட்டத்தட்ட மூன்று.

"இவ்வளவு தூரமா வந்துட்டோம்?" என்றார் நண்பர். தந்தை இறந்தபோது, ரயிலில் அவர் போய்ச் சேருமுன் எல்லாம் முடிந்திருந்தது. அகத்தியர் மறையும்வரை அவர் படுக்கவில்லை, நாங்களும் கூப்பிடவில்லை.

போகிறவர்கள் அமாவாசையை ஒட்டிப் போங்கள். கம்பளியை மறக்காதீர்கள், குளிர் நடுக்கிவிடும்.