எண்ணெய்க்குக் கீழே துரு

எபிசோட்டில நேரம் போதாமல் விட்ட கதை: துவக்கு துடைக்கிறது.

1884இல் எங்கட பாரிசில போல் வியெய் எண்ட வேதியியலாளர் புகையில்லா வெடிமருந்தைக் கண்டுபிடிச்சார். 1886இல் வந்த லெபெல் துவக்கு அதைத்தான் பாவிச்சது. பழைய கருமருந்து எரிஞ்சால் பாதிக்கு மேல கரியும் கசடுமாக மாறும், அதில ஒரு பகுதி குழலுக்குள்ள ஒட்டும். தண்ணி ஊத்திக் கழுவியே ஆகவேணும். புது மருந்தில அந்தக் கரி இல்லை. துடைச்சு எண்ணெய் பூசினால் காணும் எண்டு நினைச்சினம். குழல் துருப்பிடிச்சது. பழி புது மருந்தில. (நாங்களும் கடைசியா மாத்தின கோடைத்தானே முதலில சந்தேகிப்பம்.)

உண்மையான பக் தோட்டாவின் அடியில இருந்த பிரைமர். அதிலுள்ள பொட்டாசியம் குளோரேட் வெடிச்சதும் பொட்டாசியம் குளோரைட்டாகும், கறியுப்பின்ர சொந்தக்காரன். காத்தில இருக்கிற ஈரத்தை இழுக்கும், எண்ணெயில கரையாது, எண்ணெய்ப் படலத்துக்குக் கீழேயே இரும்பைத் தின்னும். முந்தியும் அந்த உப்பு இருந்ததுதான். கரியைக் கழுவின தண்ணி அதையும் கொண்டுபோனது, ஒருத்தருக்கும் தெரியாமலே. நான் கொன்ட்ராக்டில போற இடங்களிலயும் 'இந்தப் பழைய ஸ்கிரிப்ட் என்னத்துக்கு?' எண்டு நிப்பாட்டச் சொல்லேக்க எனக்கு இந்தத் தண்ணிதான் ஞாபகம் வரும்.

1920களில் அமெரிக்கச் சுரங்கப் பணியகத்தின் ஆய்வு காரணத்தை உறுதியாக்கினது. பிரிட்டிஷ் சிப்பாய்கள் லீ-என்ஃபீல்டு குழலுக்குள்ள புனல் வச்சுக் கொதிதண்ணி ஊத்தினவை. பழைய இராணுவத் தோட்டா சுடுற ஆக்கள் இண்டைக்கும் அப்பிடித்தான்: முதலில தண்ணி, நல்லாக் காயவிட்டு, பிறகு எண்ணெய்.